இன்ஜின் வேலை முடிச்சதும் பெல்ட் கத்துதா? புல்லி கோணலைப் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

இதுல பாதி எங்கப்பாவோட அம்பாசடர்ல நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. 1489 சிசி பெட்ரோல், பழைய பிஎம்சி பி சீரிஸ் இன்ஜின். இறக்கி, போரிங் போட்டு, கிராங்க் (இன்ஜினோட பிரதான ஷாஃப்ட்) 20 தௌ, அதாவது இஞ்ச்ல ஆயிரத்துல 20 பங்கு, கிரைண்டிங் பண்ணி, மெட்டல் (பேரிங்) எல்லாம் புதுசு போட்டு ஒரு மாசம் கழிச்சு ஏத்துனோம். ஸ்டார்ட் ஆனப்போ அவ்ளோ சந்தோஷம், ஆனா மூணாவது நாளே ஃபேன் பெல்ட் கீச்சு கீச்சுன்னு ஆரம்பிச்சுது. நானும் பெல்ட்ட டைட் பண்ணேன், போகல. பெல்ட் மாத்துனேன், ரெண்டு நாள் சும்மா இருந்துட்டு மறுபடி கத்துச்சு. ஒரு நாள் பானட்ட தொறந்து பாத்தா பெல்ட் புல்லிக்குள்ளயே தலைகீழா புரண்டு கெடக்குது, சுத்தி எல்லாம் கரிப்பொடி அப்பி இருக்குது. அதுக்கப்புறம் தான் புல்லிங்க, அதாவது பெல்ட் ஓடற சக்கரங்க, எல்லாம் ஒரே நேர்ல இருக்கான்னு அளந்து பாக்கணும்னு புத்தி வந்துச்சு. அதுல இருந்து தெரிஞ்சவங்க யாரு இன்ஜின் வேலை பாத்தாலும் எனக்கு ஃபோன் பண்ணி இதே கேள்விங்க தான் கேக்கறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

கே: புல்லி கொஞ்சம் நேரா இல்லன்னா என்னங்க ஆயிரும்? சத்தம் மட்டும் தானே?

சத்தம் வர்றது முதல் எச்சரிக்கை தாங்க. அதுக்கப்புறம் பெல்ட்டோட ஒரு பக்கம் மட்டும் தேயும், ஓரத்துல நூல் பிரிஞ்சு தொங்கும், அப்புறம் புரண்டுக்கும் இல்லன்னா கழண்டு தெறிச்சுரும். அம்பாசடர் மாதிரி வண்டில ஒரே பெல்ட் தான் ஃபேன், வாட்டர் பம்ப், பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோ மூணையும் சுத்துது, பெல்ட் போச்சுன்னா சார்ஜும் இல்ல தண்ணி ஓட்டமும் இல்ல. ரோட்ல கவனிக்காம ஓட்டுனா இன்ஜின் சூடேறி ஹெட் வளைஞ்சுரும், இப்ப தான் அவ்ளோ செலவு பண்ணி கட்டுன இன்ஜின். இது பத்தாதுன்னு பெல்ட் பக்கவாட்டுல இழுக்க இழுக்க வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் (டைனமோவுக்கு பதிலா மாட்டறது) பேரிங்கும் சீக்கிரமே போகும். மூணு மாசத்துக்கு ஒருக்கா பேரிங் போகுதுன்னா நான் பேரிங்க திட்டறதுக்கு முன்னாடி புல்லிய தான் பாப்பேன்.

கே: பெல்ட் லூஸா இல்ல புல்லி கோணலான்னு சத்தத்த வெச்சே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கோணல்னா சத்தம் விட்டு விட்டு வரும், சிட்டுக்குருவி கத்தற மாதிரி கீச் கீச்சுன்னு, ஐடிலிங்ல நல்லாவே கேக்கும். லூஸுன்னா நீட்டா கிரீச்ச்ச்னு ஒரு இழுவை, ஆக்சிலேட்டர் குடுக்கும்போதோ ஹெட்லைட் ஏசி போடும்போதோ அதிகமாகும்.

தண்ணி டெஸ்ட் ஒன்னு இருக்கு. இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது ஸ்ப்ரே பாட்டில்ல சுத்தமான தண்ணி எடுத்து பெல்ட்டோட உள்பக்கத்துல, அதாவது புல்லிய தொடற பக்கத்துல, தள்ளி நின்னு லேசா அடிங்க. சத்தம் அப்படியே நின்னு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப வந்தா கோணல். அடிச்ச உடனே சத்தம் இன்னும் அதிகமானா பெல்ட் வழுக்குது, டென்ஷன் பத்தல. லுங்கி, துண்டு, தொங்கற சட்டக்கை எதோடயும் பக்கத்துல போகாதீங்க, ஃபேன் யாரு எவருன்னு பாக்காது.

கே: இறக்கறதுக்கு முன்னாடி நல்லா தானே ஓடுச்சு, வேலை பாத்தப்புறம் மட்டும் எப்படி கோணலாகும்?

எல்லாரும் கேக்கற கேள்வி இது தான். போரிங் போட்டதாலயோ ஹெட்ட பிளேன் பண்ணதாலயோ ஃபேன் பெல்ட் லைன் மாறாது, லேத்காரர் மேல பழி போட வேண்டாம். மாறுனது நம்ம கழட்டி மாட்டுன சாமான்ல தான். முன்னாடி இருக்கற ஒவ்வொரு புல்லியும் ஒரு அடுக்கு மேல உக்காருது. பிளாக், அதுக்கு மேல பிளேட், பேக்கிங், பிராக்கெட், வாஷர், புஷ் (குழாய்த் துண்டு மாதிரி இருக்கறது), அப்புறம் புல்லி. இந்த அடுக்குல ஒன்னு குறைஞ்சாலோ ஒன்னு கூடுனாலோ எடம் மாறுனாலோ புல்லி முன்னாலயோ பின்னாலயோ போயிரும்.

என் வண்டில என்ன ஆச்சுன்னா, ஆல்டர்னேட்டரோட முன்பக்க காதுக்கும் (போல்ட் மாட்டற நீட்டல்) பிராக்கெட்டுக்கும் நடுவுல ரெண்டு தடி வாஷர் இருந்துருக்கு. எப்பவோ ஒரு எலக்ட்ரீசியன் டைனமோவ தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டும்போது லைன் வர்றதுக்காக போட்டது. கழட்டுன அன்னிக்கு அது கெரசின் ட்ரேல விழுந்து, அங்கருந்து சாமான் டப்பாவுக்கு போயி, மாட்டும்போது யாருக்கும் ஞாபகம் இல்ல. ஒன்னரை மாசம் கழிச்சு வேற போல்ட் தேடும்போது அந்த டப்பாவோட அடியில ரெண்டும் ஒட்டிகிட்டு கெடந்துது, எண்ணெய்ப் பசையோட. அளந்தா ரெண்டும் சேர்த்து கிட்டத்தட்ட ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச். ஆல்டர்னேட்டர் அவ்ளோ பின்னாடி உக்காந்துட்டு இருந்துருக்கு.

வேற என்னென்ன நடக்கும்னா, கிராங்க் புல்லி முழுசா உள்ள போகாம இருக்கும், புல்லிய கிராங்கோட சேர்த்துப் புடிக்கற அரைவட்ட கீ அதோட பள்ளத்துல சரியா படுக்காம தூக்கிகிட்டு நிக்கும், பிராக்கெட்டுக்கு பளபளன்னு பெயின்ட் அடிச்சுட்டு உக்கார்ற முகத்தையும் சேர்த்து அடிச்சுருப்பாங்க, பழைய பேக்கிங்க சுரண்டாம மேலயே புதுசு வெச்சுருப்பாங்க, பிராக்கெட் போல்ட்ல நீளமும் கட்டையும் மாறிப் போயி நீளமானது அடியில முட்டிகிட்டு பிராக்கெட்ட இறுக்காமலே டைட் ஆன மாதிரி ஏமாத்தும். இந்த கடைசி ஐட்டம் ரொம்ப பேர படுத்தியிருக்கு, ஸ்பேனர் டைட்டா தான் இருக்கும், பிராக்கெட்ட கையால ஆட்டுனா ஆடும்.

கழட்டும்போதே ஃபோன்ல நாலு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. வாஷர அது இருந்த போல்ட்லயே கோத்து நட்டு போட்டு வைங்க. நான் இப்ப அப்படி தான் பண்றேன், அடி வாங்குனப்புறம்.

கே: லேசர் எல்லாம் இல்ல. வீட்ல எப்படி அளக்கறது?

லேசர் வேண்டாம். முதல்ல பேட்டரி டெர்மினல கழட்டுங்க, பெல்ட்ட எடுத்துருங்க. புல்லி பள்ளம் எல்லாத்தையும் பிரஷ் போட்டு தொடைங்க.

டைல்ஸ் வேலை பாக்கறவங்க வெச்சிருக்கற அலுமினிய மட்டக்கட்டை ஒன்னு வாங்கிக்கலாம், இல்லன்னா நேரான அலுமினிய பட்டி. அத கிராங்க் புல்லியோட முகத்துல படுக்க வெச்சு ஆல்டர்னேட்டர் புல்லி வரைக்கும் நீட்டுங்க. ரெண்டு புல்லிலயும் ரெண்டு ரெண்டு எடத்துல தொட்டா நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்குன்னு அர்த்தம். கிராங்க்ல ரெண்டு எடத்துலயும் படிஞ்சு, ஆல்டர்னேட்டர்கிட்ட ஒரே அளவு இடைவெளி இருந்தா புல்லி முன்ன பின்ன தள்ளி இருக்கு. ஆல்டர்னேட்டர் புல்லில ஒரு ஓரம் தொட்டு மறு ஓரம் தொடலன்னா அது சாய்ஞ்சு இருக்கு. ரெண்டும் வேற வேற வியாதி, மருந்தும் வேற. தள்ளி இருந்தா வாஷரோ ஷிம்மோ (மெல்லிசு தகடு) போடலாம். சாய்ஞ்சு இருந்தா பிராக்கெட் வளைஞ்சுருக்கு இல்லன்னா புஷ் தேஞ்சுருக்கு, அதுக்கு வாஷர் போட்டு ஒன்னும் ஆகாது.

ஆனா இதுல ஒரு பெரிய குழி இருக்கு, நானே விழுந்தேன். ரெண்டு புல்லியோட ஓரத்து தடிமன் ஒன்னா இருக்கணும்னு இல்ல. தகடு புல்லிக்கு உதடு மெலிசு, வார்ப்பு புல்லிக்கு தடி. முகத்த மட்டும் நேராக்குனா பள்ளம் கோணலாயிரும். பெல்ட் ஓடறது பள்ளத்துல, முகத்துல இல்ல. அதனால வெர்னியர்ல (துல்லியமா அளக்கற கருவி) ஒவ்வொரு புல்லிக்கும் முகத்துல இருந்து பள்ளத்தோட நடு வரைக்கும் எவ்ளோன்னு எடுத்து எழுதிக்கோங்க, அந்த வித்தியாசத்த கணக்குல சேருங்க.

அதவிட சுலபமான வழி, ஒரு நேரான உருட்டுக் கம்பி. ஒன்னும் வளையாத பளபளப்பான கம்பி, பெல்ட் அகலத்துக்கு கிட்ட தடிமன். பெல்ட் எங்க ஓடுமோ அந்த லைன்லயே அத வெச்சு கிராங்க் பள்ளத்துல ஒரு முனை, ஆல்டர்னேட்டர் பள்ளத்துல மறுமுனை உக்கார வைங்க. ரெண்டு பள்ளத்தோட ரெண்டு சுவரையும் ஒரே மாதிரி தொட்டு படுத்தா சரி. ஒரு பக்கச் சுவர் மேல ஏறி நின்னா எந்தப் பக்கம் கோணல்னு கண்ணாலயே தெரியும். இது வி வடிவத்துல இருக்கற வி பெல்ட்டுக்கு தான், உள்பக்கம் பல வரி இருக்கற பட்டை பெல்ட்டுக்கு மட்டக்கட்டை தான்.

கே: எவ்ளோ வரைக்கும் பரவால்லைங்க?

வி பெல்ட்டுக்கு அரை டிகிரின்னு பொதுவா வெச்சுக்குவாங்க, அதாவது ரெண்டு புல்லிக்கும் நடுவுல ஒரு அடி தூரம்னா சுமார் 2.5 எம்எம். பல வரி இருக்கற பட்டை பெல்ட்டுக்கு இன்னும் கறார், ஒரு அடிக்கு 1.5 எம்எம் தான். இது கடைசி எல்லை, இதுவரைக்கும் போகலாம்னு அர்த்தம் இல்ல. கார்ல புல்லிங்க கிட்ட கிட்ட இருக்கறதால நான் ஒரு எம்எம்க்குள்ள கொண்டு வந்துட்டு தான் விடுவேன். அதுக்குக் கீழ போயி தலையப் பிச்சுக்க வேண்டாம்.

கே: மூணு புல்லி இருக்கு, எதை நகர்த்தறது?

கிராங்க் புல்லிய நகர்த்தாதீங்க. அது சரியா உக்காந்துருக்கான்னு முதல்ல உறுதி பண்ணிட்டு, அதையே அளவுகோலா வெச்சுக்கோங்க. அடுத்தது வாட்டர் பம்ப், அதுவும் பிளாக்ல போல்ட் பண்ணது, அதுக்கும் அட்ஜஸ்ட்மென்ட் கெடயாது. கிராங்கும் வாட்டர் பம்ப்பும் ஒத்துப்போச்சுன்னா ஆல்டர்னேட்டர தான் அந்த லைனுக்கு கொண்டு வரணும். கிராங்கும் வாட்டர் பம்ப்பும் ஒத்துப்போகலன்னா அங்க தப்பான சாமான் மாட்டியிருக்கு இல்ல ஒன்னு சரியா உக்காரல, அத கண்டுபிடிக்காம ஆல்டர்னேட்டர நடுவாந்தரமா வெச்சு சமாளிக்கறது ரெண்டு பக்கமும் கோணல் ஆக்கற வேலை. நெறைய பேர் இத தான் பண்றாங்க.

கே: ஆல்டர்னேட்டருக்கு வாஷர் எங்க போடணும்? முன் காதுலயா பின் காதுலயா?

லைன முடிவு பண்றது முன் காது, அதாவது புல்லி பக்கத்து காது. அதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல வாஷர் கூட்டுனா குறைச்சா புல்லி முன்ன பின்ன போகும். பின் காதுல நெறைய மாடல்ல ஒரு நகர்ற புஷ் இருக்கும், போல்ட் டைட் பண்ணும்போது அதுவே நகர்ந்து இடைவெளிய மூடிக்கும். துருப்பிடிச்சு அது நகராம இருந்தா கழட்டி சுத்தம் பண்ணி கொஞ்சம் கிரீஸ் தடவி தட்டி வைங்க. அந்த மாதிரி புஷ் இல்லாத மாடல்னா பின்பக்கம் எவ்ளோ இடைவெளியோ அதே அளவு வாஷர் சொருகணும், சும்மா போல்ட்ட போட்டு இறுக்குனா அலுமினிய காது இடைவெளிய மூடறதுக்கு வளையும், அன்னிக்கு ஒன்னும் ஆகாது, ஆறு மாசம் அதிர்ந்து அதிர்ந்து ஒரு நாள் டக்குன்னு ஒடஞ்சுரும்.

மெல்லிசு வாஷர் ஏழெட்டு அடுக்கறதுக்கு பதிலா லேத்துல சரியான அளவுல ஒரு புஷ் கடஞ்சு வாங்கிருங்க. சின்ன வேலை, முகம் ரெண்டும் இணையா இருக்கணும்னு மட்டும் சொல்லிருங்க. நான் அந்த ரெண்டு வாஷர தூக்கிட்டு ஒரே புஷ்ஷா போட்டுட்டேன், இனிமே கழட்டுனாலும் காணாம போகாது.

கே: டைனமோவ மாத்தி ஆல்டர்னேட்டர் போட்டா கண்டிப்பா லைன் மாறுமா?

பெரும்பாலும் மாறும். டைனமோ நீளமான உருளை, ஆல்டர்னேட்டர் கட்டை. காது இருக்கற எடம், புல்லி நீட்டிகிட்டு இருக்கற அளவு எல்லாமே வேற. பழைய பிராக்கெட்டுலயே ஓட்டைய ராவி மாட்டிட்டு போயிருவாங்க. கடைல ஆல்டர்னேட்டர் வாங்கும்போது உங்க பழைய புல்லிய கையோட எடுத்துட்டு போங்க, புதுசுல பட்டை பெல்ட் புல்லி இருந்தா உங்க வி பெல்ட்டுக்கு உதவாது. புல்லிய மாத்துனா உள்ள இருக்கற ஸ்பேசர், ஃபேன் தகடு எந்த வரிசைல இருந்துச்சோ அதே வரிசைல போகணும், அதுலயே 3 எம்எம் 4 எம்எம் மாறிரும்.

கே: கிராங்க் புல்லி சுத்தும்போது ஆடுது. இதுவும் அலைன்மென்ட் தானா?

இல்லைங்க, இது வேற. கோணல்னா பெல்ட் ஒரே எடத்துல தப்பா ஓடும். ஆட்டம்னா ஒவ்வொரு சுத்துக்கும் முன்னும் பின்னும் போயிட்டு வரும். பாக்கறதுக்கு, ஒரு கம்பித் துண்ட டைமிங் கவர் போல்ட்ல கட்டி முனைய புல்லி ஓரத்துக்கு ஒரு எம்எம் தள்ளி நிக்க வைங்க. பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு மெதுவா சுத்துங்க, அம்பாசடர்னா ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இருக்கே, அதுக்காகவே குடுத்த மாதிரி. இடைவெளி மாறாம இருந்தா புல்லி நேரு. ஒரு எடத்துல முட்டி மறு எடத்துல விலகுனா வளைஞ்சுருக்கு இல்ல சரியா உக்காரல.

பி சீரிஸ் இன்ஜின்ல கிராங்க் மூக்குல அடுக்கு எப்படின்னா முதல்ல மெல்லிசு பேக்கிங் வாஷர், அப்புறம் செயின் பல்சக்கரம், அப்புறம் ஆயில் த்ரோவர்னு ஒரு தகடு, கடைசில புல்லி, லாக் வாஷர், ஹேண்டில் மாட்டற நட்டு. த்ரோவர்ல எஃப்-னு ஒரு எழுத்து அடிச்சுருக்கும், அது முன்பக்கம் பாக்கணும், இன்ஜின பாக்கக்கூடாது. திருப்பிப் போட்டா ஆயில் ஒழுகும், கவர்ல ஒரசவும் ஒரசும். கீ தூக்கிகிட்டு இருந்தா புல்லி பாதி தூரம் போயி நிக்கும், அப்பவும் நட்டு டைட்டா தான் தெரியும். அதனால புல்லிய தள்ளும்போது கீ தூக்குதான்னு டார்ச் அடிச்சு பாத்துகிட்டே தள்ளுங்க. பர் (பிசிறு) இருந்தா வழவழப்பான அரத்துல ரெண்டு இழுப்பு. நட்ட மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்கற அளவுக்கு) இறுக்கிட்டு லாக் வாஷரோட காத மடக்கணும், சுத்தியல்ல நாலு போடு போட்டு போதும்னு விடறது தப்பு. லூஸான புல்லி கீய வெட்டும், அப்புறம் கிராங்க் மூக்கு பள்ளத்தையே அகலமாக்கிரும். கட்டுன இன்ஜின மறுபடி இறக்க வேண்டியது தான்.

கே: கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் சத்தம் மாறுது ப்ரோ, ஏன்?

உடனே வண்டிய நிறுத்திட்டு பாருங்க. இன்ஜின் ஆஃப்ல ஒருத்தர கிளட்ச் மிதிச்சு விடச் சொல்லிட்டு நீங்க கிராங்க் புல்லிய பாருங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி முன்னாடி வந்து போகுதுன்னா கிராங்க் எண்ட் ப்ளே, அதாவது கிராங்க் முன்னும் பின்னும் நகர்ற அளவு, அதிகம். நல்ல இன்ஜின்ல அது சில தௌ தான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த நகர்வ தடுக்கற த்ரஸ்ட் வாஷர் போட மறந்துருக்கலாம், திருப்பிப் போட்டுருக்கலாம், எண்ணெய் வரி இருக்கற முகம் கிராங்க் பக்கம் தான் பாக்கணும். இத புல்லி பிரச்சனைன்னு நெனச்சு வாஷர் போட்டு ஓட்டுனா கிராங்கும் போகும் பிளாக்கும் போகும்.

கே: நடுவுல ரப்பர் இருக்கற புல்லி, அதுல என்ன பாக்கணும்?

உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவுல ரப்பர் ஒட்டியிருக்கும், அதிர்வ வாங்கறதுக்கு. வயசானா ஒட்டு விட்டு வெளிவளையம் மெதுவா முன்னாலயோ பின்னாலயோ நகரும். நடுபோல்ட் எல்லாம் கச்சிதமா இருக்கும், லைன் மட்டும் மாறிட்டே போகும். சாக்பீஸோ பெயின்ட்டோ எடுத்து நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் ஒரு கோடு போடுங்க, ரெண்டு நாள் ஓட்டிட்டு பாருங்க. கோடு ஒடஞ்சு தெரிஞ்சா புல்லி செத்துருச்சு. டைமிங் மார்க் வெளிவளையத்துல இருந்தா அதுவும் பொய் சொல்லும், அத நம்பி டைமிங் வெச்சுட்டு வண்டி இழுக்கல இழுக்கலன்னு அலைவோம். ஃபெவிகிக், வெல்டிங் எல்லாம் வேண்டாம், வேற புல்லி தான்.

கே: வாட்டர் பம்ப்புக்கு ரிப்பேர் கிட் போட்டு வாங்குனேன், அதுக்கப்புறம் தான் பெல்ட் ஏறி ஓடுது.

கிட் போடறப்போ பழைய ஷாஃப்ட்ட தள்ளி புதுசு பிரஸ் பண்ணி, அதுக்கு மேல ஹப்ப (புல்லி மாட்டற நடுப்பகுதி) பிரஸ் பண்ணுவாங்க. ஹப்ப எவ்ளோ ஆழம் இறக்குனாங்கறது தான் பெல்ட் லைன். அளவே எடுக்காம முட்டற வரைக்கும் இறக்கிருவாங்க சில பேர். பம்ப்ப குடுக்கறதுக்கு முன்னாடியே பேக்கிங் உக்கார்ற முகத்துல இருந்து ஹப் முகம் வரைக்கும் வெர்னியர் வெச்சு அளந்து, பம்ப் மேலயே மார்க்கர்ல எழுதிக் குடுங்க. திரும்ப வாங்கும்போது அங்கயே அளங்க. கம்மியா இருந்தா பெல்ட் பின்னாடி போகும், ஜாஸ்தியா இருந்தா ஃபேன் ரேடியேட்டர்கிட்ட போகும், அது இன்னும் ஆபத்து. புல்லிக்குப் பின்னாடி வாஷர் வெச்சு சரி பண்ணலாமான்னு கேக்காதீங்க, ஹப்ப சரியான ஆழத்துக்கு மறுபடி பிரஸ் பண்ணச் சொல்லுங்க.

கே: புல்லிய கழட்டும்போது சுத்தியல்ல தட்டுனேன், அதுல வளைஞ்சுருக்குமா?

தகடு புல்லின்னா வளைஞ்சுருக்க நெறைய வாய்ப்பு. ரெண்டு கால் புல்லரோட (புல்லிய இழுத்துக் கழட்டற கருவி) நகத்த உதட்டுல மாட்டி இழுத்தாலே ரெண்டு எடத்துல உதடு முன்னாடி வந்துரும். இடுக்கில திருப்பி வளைச்சு நேராக்கலாம்னு நானும் ஒரு மதியம் பூரா உக்காந்தேன், ஆடறது நிக்கவே இல்ல. ஹப்ல மரை போட்ட ஓட்டை இருந்தா அதுல போல்ட் போட்டு இழுக்கற புல்லர் தான் சரி. இல்லன்னா மூணு கால் புல்லர், நகம் ஹப்புக்கு கிட்ட, முதல் நாள் ராத்திரியே துருவுக்கு எண்ணெய் விட்டு வெச்சுருங்க.

கே: எங்க வண்டில வி பெல்ட் இல்ல, பட்டை பெல்ட். எல்லா புல்லியும் அளந்தேன் நேரா இருக்கு, ஆனாலும் பெல்ட் ஓரம் பிரியுது.

வரிய எண்ணுனீங்களா? 4பிகே, 6பிகேன்னு பெல்ட் மேல போட்டுருக்கும், முன்னாடி இருக்கற நம்பர் எத்தன வரின்னு, பின்னாடி வர்றது எம்எம்ல நீளம். இந்த பிகே பெல்ட்ல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 3.56 எம்எம். மாட்டும்போது ஏதோ ஒரு புல்லில மட்டும் ஒரு வரி தள்ளி உக்காந்துட்டா புல்லி எல்லாம் கச்சிதமா இருந்தும் பெல்ட் மூணரை எம்எம் கோணலா ஓடும். கீழ கிராங்க்ல தான் இது நடக்கும், கை போகாது கண்ணும் போகாது. வீல கழட்டிட்டு ஃபோன உள்ள விட்டு ஃபோட்டோ எடுத்து பாருங்க, ஓரத்துல ஒரு பள்ளம் காலியா இருக்கா, மறு ஓரத்துல பெல்ட் தொங்குதான்னு. நாலு பேர் ஃபோன் பண்ணா அதுல ஒருத்தருக்கு இது தான் பிரச்சனையா இருக்குது.

அது சரியா இருந்தா பெல்ட்ட இறுக்கற டென்ஷனரையும் பெல்ட்ட திருப்பி விடற ஐட்லரையும் பாருங்க. வண்டி நிக்கும்போது நேரா இருக்கும், பெல்ட் இழுக்கும்போது தேஞ்ச புஷ்ஷால சாஞ்சுக்கும். பெல்ட் மாட்டுனபடியே புல்லிய கையால ஆட்டிப் பாத்தா தெரிஞ்சுரும்.

கே: பழைய மார்க்கெட்ல வேற மாடல் பிராக்கெட் கெடச்சுது, பாக்க ஒரே மாதிரி இருக்கு. போடலாமா?

புதுப்பேட்டைலயோ உக்கடத்துலயோ வாங்கறதுல தப்பே இல்ல, நானும் வாங்கறவன் தான். ஆனா பாக்க ஒரே மாதிரிங்கறத நம்பாதீங்க. அம்பாசடர்லயே பிஎம்சி இன்ஜின் இருக்கு, இசுசு 1800 இருக்கு, டீசல் இருக்கு, பேரு ஒன்னு பிராக்கெட் வேற. அமெரிக்கால ஷெவர்லே ஸ்மால் பிளாக் இன்ஜின்ல இது ரொம்ப பிரசித்தம். 1968 வரைக்கும் கட்டை வாட்டர் பம்ப், 1969ல இருந்து பெரும்பாலான கார்ல நீளமான பம்ப், பிளாக்ல உக்கார்ற முகத்துல இருந்து ஹப் வரைக்கும் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 33 எம்எம் வித்தியாசம். ரெண்டுமே ஒரே பிளாக்ல அழகா மாட்டும். பம்ப் ஒரு வருஷத்து மாடல், புல்லி இன்னொரு வருஷத்து மாடல்னு கலந்து கட்டிட்டு பெல்ட் லைன் வரலன்னு அங்கயும் தலைல கை வெச்சு உக்காருவாங்க. போல்ட் ஓட்டை ஒத்துப்போறது வேற, பெல்ட் லைன் ஒத்துப்போறது வேற. பழைய பிராக்கெட்ட கையோட எடுத்துட்டு போயி ரெண்டையும் முதுகோட முதுகு ஒட்டி வெச்சு பாத்துட்டு வாங்குங்க.

கே: உள்ள இருக்கற டைமிங் செயின், டைமிங் பெல்ட்டுக்கும் அலைன்மென்ட் உண்டா?

உண்டு, அதுல விளையாடக் கூடாது. பி சீரிஸ்ல கேம் (வால்வ தொறக்கற ஷாஃப்ட்) பல்சக்கரத்தோட பல் பக்கத்துல நேரான பட்டிய வெச்சு, கிராங்க் பல்சக்கரத்துக்கு எவ்ளோ இடைவெளின்னு ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்கற தகடு) பாத்து, அதுக்கு ஏத்த பேக்கிங் வாஷர் பின்னாடி போடணும். கிராங்கோ கேமோ மாத்துனா பழைய வாஷர் கணக்கு செல்லாது. இந்த வாஷர் எல்லாம் காகித தடிமன் தான், வெளி பெல்ட்டுக்கு ஒன்னும் ஆகாது, ஆனா செயின் தேயும். ரப்பர் டைமிங் பெல்ட் வண்டின்னா, பெல்ட் ஒரு ஓரமாவே ஏறி ஓடுதுன்னு தெரிஞ்சா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க, டென்ஷனர் சரியா உக்காரலைன்னு தான் பெரும்பாலும் இருக்கும். அது அறுந்தா நெறைய இன்ஜின்ல பிஸ்டன் வால்வ அடிச்சுரும்.

கே: சோப்பு தேச்சா சத்தம் நிக்குதே?

நிக்கும். மறுநாள் வரும். வழி இல்லாத ரோட்ல வீடு வந்து சேர்றதுக்கு ஓகே. ஸ்ப்ரே டப்பால வர்ற பெல்ட் டிரெஸ்ஸிங்கும் அப்படி தான், தூசிய இழுத்து ஒட்டிக்கும்.

கே: இன்ஜின் மவுண்டிங் எறங்கிருச்சுன்னா புல்லி லைன் மாறுமா?

மாறாது. எல்லா புல்லியும் இன்ஜின் மேலயே தான் இருக்கு, சேர்ந்தே எறங்கும். ஃபேன் எதுலயாவது முட்டுதான்னு மட்டும் பாருங்க.

கே: லைன சரி பண்ணிட்டேன், பழைய பெல்ட்டையே போடலாமா? எவ்ளோ டைட்?

புதுசு போடுங்க. கோணலா ஓடுன பெல்ட் ஒரு பக்கம் தேஞ்சு அதே கோணலுக்கு பழகியிருக்கும், நேரான புல்லிலயும் கத்தும். பள்ளத்தையும் பாருங்க, அடி பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்தா பெல்ட் அடியில உக்காந்து ஓடியிருக்கு, வி பெல்ட் புடிக்க வேண்டியது ரெண்டு பக்கச் சுவர்ல தான். சுவர் தேஞ்சு குழிஞ்ச புல்லில புது பெல்ட்டும் வழுக்கும்.

டென்ஷன், அம்பாசடருக்கு நீளமான பக்கத்தோட நடுவுல கட்டைவிரல்ல அமுக்குனா நாலு நூல், அரை இஞ்ச் போகணும். அதுக்கு மேல டைட் வெச்சா பேரிங் தான் போகும். ஆல்டர்னேட்டர நெம்பும்போது புல்லி பக்கத்து காதுகிட்ட கட்டைய வெச்சு நெம்புங்க, நடு உடம்புல கம்பி வெச்சு நெம்புனா பாடி வெடிக்கும். அட்ஜஸ்ட் பட்டைய டைட் பண்ணப்புறம் மட்டக்கட்டைய மறுபடி ஒருக்கா வெச்சு பாருங்க, பட்டை வளைஞ்சுருந்தா டைட் பண்ணும்போதே ஆல்டர்னேட்டர ஒரு பக்கம் இழுத்துரும். புது பெல்ட் கொஞ்சம் இழுபடும், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடுனப்புறம் டென்ஷன மறுபடி பாருங்க.

கே: எல்லாம் நேரா இருக்கு, புது பெல்ட், டென்ஷன் கரெக்ட், இன்னமும் கத்துது!

பெல்ட்ட கழட்டிட்டு ஒரு நிமிஷம் மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்க, தண்ணி ஓடாது அதனால ஒரு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். சத்தம் நின்னா பெல்ட் பக்கம் தான், வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் கையால சுத்தி எந்த பேரிங் கரகரங்குதுன்னு பாருங்க. நிக்கலன்னா நீங்க இத்தன நாளா தப்பான எடத்துல தேடிட்டு இருந்துருக்கீங்க. ஒரு நண்பரோட வண்டில மூணு பெல்ட் மாத்துனப்புறம் இத பண்ணிப் பாத்தோம், சத்தம் அப்படியே இருந்துச்சு, கடைசில பாத்தா டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் விட்டு பத்து வருஷம் ஆகியிருந்துச்சு.